கட்டுச்சோறும் கடுங்குளிரும்

“சுடச்சுட மூடி வைக்காதே, வேர்த்துப்போகும்” என்ற வார்த்தை காதில் விழாமல் சமைக்கக் கற்றுக்கொண்ட தமிழர்கள் குறைவு. வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, மேலே நல்லெண்ணெயைச் சுற்றி ஊற்றி, ஆவி அடங்கிய பிறகுதான் புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறுவார்கள். தயிர்சாதம் என்றால் சோற்றைக் குழைத்து ஆறவைத்து, பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரை ஒரு கரண்டியோடு நிறுத்துவார்கள். மத்தியானத்துக்குள் புளித்துவிடக் கூடாது என்ற கணக்கு அது. இந்தப் பழக்கத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. சூடான சோற்றைச் சாதாரண டிபன் பாக்ஸில் போட்டு மூடினால் ஆவி மூடியில் முட்டி, நீராகி, திரும்பச் சோற்றின் மேலேயே சொட்டும். நம் ஊர் வெயிலில் அந்த டப்பா ஆறவும் ஆறாது, சூடாகவும் இருக்காது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்து, திறக்கும்போது ஊசிப்போயிருக்கும். அதனால் நம்மவர்கள் ஆறினால் கெடாத சோற்றைக் கண்டுபிடித்தார்கள். புளியும் எண்ணெயும் மோர்ப்புளிப்பும் காவல் காக்கும் கட்டுச்சோறு, ஆறியபின் சாப்பிடுவதற்கென்றே சமைக்கப்படுவது.

அந்த அறிவு பனி பெய்யும் ஊருக்குக் குடிபோகும்போதுதான் சிக்கல். டொரண்டோவின் ஸ்கார்பரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஈழத்திலிருந்து போனவர்கள். அங்கே ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்குச் சில டிகிரி கீழே. காலையில் மைனஸ் 15 என்று வானொலி சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் சமையல்கூடம் கிடையாது, பிள்ளைகள் கைவைக்க மைக்ரோவேவும் கிடையாது. கொண்டுபோனதைக் கொண்டுபோன நிலையிலேயே சாப்பிட வேண்டும். அதற்காக வாங்கப்படுவதுதான் வாய் அகன்ற, இரட்டைச் சுவர் எஃகுக் குடுவை. வாங்கிய வாரத்திலேயே புகாரும் வந்துவிடும்: பாதிச் சோறு அப்படியே திரும்பி வருகிறது, ஆறிப்போச்சு என்கிறான் பிள்ளை. பழியைக் குளிரின் மேல் போடுவார்கள், இல்லையென்றால் குடுவை போலி என்பார்கள். என் கட்சி வேறு. அந்தச் சோற்றின் சூடு பெரும்பாலும் தெருவில் போகவில்லை, பள்ளியிலும் போகவில்லை. வீட்டு அடுப்படியிலேயே, மூடி திருகுவதற்கு முன்பே போய்விட்டது. அதற்குக் காரணம், ஆறவிட்டு மூடும் நம் பழைய நல்ல பழக்கம்.

இதைப் புரிந்துகொள்ளக் குடுவையின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் பிறந்த விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் 1892-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இதைச் செய்தபோது அவருக்குச் சூடான சாப்பாட்டைப் பற்றிய கவலையே இல்லை. மிகக் கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்கள் வெளிச்சூடு பட்டுக் கொதித்துப் பறந்துவிடாமல் இருக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிச் சுவர்கள். நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். உட்பக்கம் வெள்ளிப் பூச்சு. காற்றில்லாத இடத்தில் சூட்டைக் கடத்த ஆளில்லை, பூச்சு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பிவிடும். டூவர் காப்புரிமை வாங்கவில்லை. 1904-ல் ஜெர்மனியில் தெர்மாஸ் என்ற பெயரில் அதை விற்பனைப் பொருளாக்கி வேறு சிலர் காசு பார்த்தார்கள். துருப்பிடிக்காத எஃகுக் குடுவை வந்தது மிகவும் பிந்தி, 1978-ல், ஜப்பானில். கீழே போட்டால் உடையாத எஃகு என்பதால்தான் அதைப் பள்ளிக்கூடப் பையில் துணிந்து போட முடிகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: குடுவை சூட்டை உண்டாக்குவதில்லை. குளிர்ந்ததைக் குளிர்ந்ததாக, சூடானதைச் சூடாக, வெதுவெதுப்பை வெதுவெதுப்பாகப் பாரபட்சமின்றிக் காக்கும். நாம் எதை ஒப்படைக்கிறோமோ அதைத்தான் கொஞ்சம் கழித்துக்கொண்டு திருப்பித் தருகிறது.

கழிவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜப்பானியக் குடுவைகளின் அட்டையில் ஓர் எண் இருக்கும்: 95 டிகிரி வெந்நீரை நிரப்பி, 20 டிகிரி அறையில் வைத்தால் 6 மணி நேரம் கழித்து இத்தனை டிகிரி. அந்த எண் 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் ஆறும் வேகம் அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது என்ற நியூட்டன் விதியை அதில் பொருத்தினால், காலை ஏழரைக்கு 90 டிகிரியில் மூடிய சோறு பன்னிரண்டு மணிக்குச் சுமார் 64-ல் இருக்கும். ஊதி ஊதிச் சாப்பிடலாம். அதே சோற்றைத் தட்டில் கொட்டி, கறியை மேலே ஊற்றி, பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு வந்து 70 டிகிரியில் மூடினால் மத்தியானம் 51. அகன்ற வாய்க் குடுவையைத் திறந்து, கரண்டியில் எடுத்து, பக்கத்துப் பிள்ளையோடு பேசிக்கொண்டே சாப்பிட்டால் மூன்றாம் வாய்க்குள் அது ஆறின சோறுதான். இனி வெளிக்குளிரைப் பார்ப்போம். மைனஸ் 15-ல் அரை மணி நேரம் நடந்து போனாலும் அதே கணக்கில் கூடுதலாக இழப்பது 2 டிகிரிக்குள்தான். பள்ளிக்குள் போய்விட்டால் அங்கே ஹீட்டர் ஓடுகிறது. தெருவின் கடுங்குளிர் 2 டிகிரி எடுத்துக்கொண்டால், சமையல் மேடையில் காத்திருந்தது 20 டிகிரியைத் தின்றிருக்கிறது. இது தோராயக் கணக்குதான், குடுவைக்குக் குடுவை எண் மாறும். ஆனாலும் யார் மேல் வழக்குப் போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் அடுப்படியில் செய்ய வேண்டியதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் குடுவையின் கழுத்து வரை ஊற்றி, மூடியை மேலே சும்மா கவிழ்த்து, ஐந்து நிமிடமாவது விட வேண்டும். எஃகுக்குத் தண்ணீரைப்போல் எட்டில் ஒரு பங்குதான் சூடு கொள்ளும் திறன் என்பதால், முழுக்க நிறைந்த குடுவையில் இந்த ஒரு வேலையால் மிஞ்சுவது மூன்று நான்கு டிகிரிதான். இணையத்தில் சொல்கிற அளவு மாயமெல்லாம் இல்லை. ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைக்கென்று பாதிதான் போடுகிறோம் என்றால் அந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அளவு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குடுவையின் சூடு பெரும்பாலும் மூடி வழியாகவும் கழுத்து வழியாகவும் போகிறது; பக்கச் சுவர்களில் வெற்றிடம் இருக்கிறது, மூடியில் நுரையும் பிளாஸ்டிக்கும்தான். அரைக் குடுவைச் சோறானாலும் மூடி அதே மூடி. செலவு அதே, கையிருப்பு பாதி. ஆகவே வளரட்டும் என்று பெரிய செருப்பு வாங்குவதுபோல் பெரிய குடுவை வாங்கக் கூடாது. பிள்ளை சாப்பிடும் அளவுக்கு ஏறக்குறைய நிறையும் சின்னக் குடுவையே சரி. பிறகு, சோற்றையும் குழம்பையும் தனித்தனியாகச் சூடாக்கித் தட்டில் பிசையாமல், சட்டியிலேயே ஒன்றாகக் கலந்து, அடியில் கொப்புளம் வரும்வரை கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த கையோடு குடுவைக்கு மாற்ற வேண்டும். வெந்நீரைக் கொட்டுவதும் சோற்றை அள்ளிப் போடுவதும் மூடி திருகுவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். இடையில் போன் வந்தால் எடுக்கக் கூடாது.

“ஆவியோடு மூடினால் கெட்டுப்போகாதா?” என்பதுதான் பாட்டி வழியில் வருகிற முதல் ஆட்சேபம். சாதாரண டப்பாவுக்கு அது சரியான எச்சரிக்கை, வெற்றிடக் குடுவைக்கு நேர்மாறானது. சோற்றைக் கெடுக்கிற கிருமிகளில் முக்கியமானது பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் அரிசியோடு தங்கிவிடும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகும். அது கக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இறைச்சிக் கறியில் வேறு கிருமிகள் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் உணவுப் பாதுகாப்புத் துறைகள் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதை ஆபத்து வலயம் என்கின்றன; ஒன்று அதற்கு மேலே இருக்க வேண்டும், இல்லை கீழே. ஊசிப்போவது ஆவியால் அல்ல, நடுவில் தங்குவதால். இதற்குச் சாட்சி நம் வீட்டிலேயே உண்டு. குளிர்நாட்டில் தயிர் உறையவில்லை என்று இளஞ்சூட்டுப் பாலில் உறை விட்டு ஹாட் பாக்ஸிலோ பிளாஸ்கிலோ ஊற்றி வைப்பவர்கள் பலர். காலையில் கட்டித் தயிர் தயார். 40 டிகிரியை ஒட்டிப் பாலை வைத்திருந்தால் நுண்ணுயிர்களுக்கு அது மாமியார் வீட்டு விருந்து. அதே குடுவையில் அதே இளஞ்சூட்டில் சாம்பார் சாதத்தை வைத்தால் அங்கே விருந்துக்கு வருபவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. கணக்கை மறுபடி பாருங்கள்: 90-ல் மூடியது மத்தியானமும் வலயத்துக்கு வெளியே நிற்கிறது, 70-ல் மூடியது பத்துமணி வாக்கிலேயே உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆறவிட்டு மூடுகிறவர் பாதுகாப்பு என்று நினைத்து ஆபத்தைத்தான் கட்டிக் கொடுக்கிறார்.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. எதற்கு இத்தனை பாடு? வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சாண்ட்விச்சும் ஆப்பிளும்தானே கொண்டுவருகிறார்கள்? குளிர்ந்த சாப்பாட்டிலும் அதே சத்து, அதே கலோரி. இதை மறுக்க முடியாது. சூடான உணவு சாப்பிட்டால்தான் உடம்பு குளிர் தாங்கும் என்ற நம்பிக்கைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். என் பதில் சத்தைப் பற்றியதல்ல, நம் சாப்பாட்டின் இயல்பைப் பற்றியது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் குளிர்ச்சியாகத் தின்னப் பழகிய உணவுகள். சோறு அப்படியில்லை. வெந்த மாவுச்சத்து ஆற ஆறத் திரும்ப இறுகும். சோற்றுப்பருக்கை விறைத்து நெறுநெறுவென்று ஆகும். புட்டும் இடியப்பமும் இன்னும் மோசம், ரப்பர்போல இழுக்கும். போதாததற்குத் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். யாழ்ப்பாணத்தில் அறை வெப்பத்திலும் ஓடுகிற எண்ணெய், 20 டிகிரி வகுப்பறையில் வெள்ளை மெழுகாகிக் கறியின் மேல் படியும். தேங்காய்ப்பால் சொதியில் கொழுப்பு தனியே திரளும், நெய்விட்ட பொங்கல் அண்ணத்தில் ஒட்டும். பிள்ளை வீம்புக்கு மறுக்கவில்லை. நாம் காலையில் ருசித்த பண்டம் வேறு, அவன் திறக்கிற பண்டம் வேறு. சாண்ட்விச்சைப் பிடித்துச் சாப்பிடுகிற பிள்ளைக்குச் சாண்ட்விச்சே கொடுக்கலாம், தப்பில்லை. சோறு கொடுப்பதென்று முடிவு செய்தால் சூட்டோடு கொடுக்க வேண்டும்.

எல்லாச் சமையலும் குடுவைக்கு ஏற்றதுமல்ல. நீர்ப்பிடிப்பான, கனத்த, இடைவெளியின்றி நிறைகிற பண்டமே சூட்டைப் பிடித்து வைக்கும்: சாம்பார் சாதம், ரசம் சாதம், வெண்பொங்கல், பருப்புக் கிச்சடி, கோழிக்குழம்பில் பிசைந்த சோறு, கொண்டைக்கடலைக் குழம்பு. இட்லியும் தோசையும் நடுநடுவே காற்றை வைத்துக்கொண்டு சீக்கிரம் ஆறும், ஆவியில் நனைந்து நொசநொசக்கும். அவற்றுக்குச் சாதாரண டப்பா போதும். குடுவையில் சாம்பாரை மட்டும் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்தால் இட்லி ஆறியிருந்தாலும் தொட்டுக்கொள்ளும்போது சரியாகிவிடும். குடுவைக்குள் போன பிறகும் வேக்காடு நிற்பதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொங்கலை வீட்டில் சாப்பிடும் பதத்தில் மூடினால் மத்தியானம் கரண்டி இறங்காது, எனவே கூழ்போலத் தளர்வாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நூடுல்ஸ் ஊதிக் களியாகிவிடும். பீன்ஸின் பச்சை நிறம் நாலு மணி நேரச் சூட்டில் காக்கியாகும், வைட்டமின் சியும் கொஞ்சம் போகும். காய்ந்த பொரியலாகத் தனி டப்பாவில் வைப்பதே மேல். தயிர்சாதத்தை எந்தக் காரணம் கொண்டும் இதில் போடக் கூடாது. சோற்றுச் சூடு சற்று இருந்தாலே மத்தியானத்துக்குள் சளித்துவிடும். பால் சேர்ந்தவற்றை அடைக்க வேண்டாமென்று குடுவைத் தயாரிப்பாளர்களே கையேட்டில் எச்சரிக்கிறார்கள். வேர்க்கடலை போட்ட தாளிப்பு வேறு காரணத்தால் ஆகாது: ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகக் கனடாவின் பல பள்ளிகளில் கடலைக்குத் தடை.

சூட்டைச் சுமந்துபோவதற்குப் பதிலாகப் போன இடத்தில் சூடாக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கிழக்காசியாவில் அதைத்தான் செய்தார்கள். தைவான் பள்ளிகளில் வகுப்புப் பிள்ளைகளின் எஃகு டப்பாக்கள் மொத்தமாக ஒரு நீராவிப் பெட்டிக்குள் போகும். மதிய மணி அடிக்கும்போது ஆவி பறக்க வெளியே வரும். அங்கே டப்பா எஃகில் இருப்பதே ஆவிக்காகத்தான். கொரியாவில் ஒரு தலைமுறை முன்புவரை குளிர்காலத்தில் வகுப்பறை நடுவே இருக்கும் அடுப்பின் மேல் பிள்ளைகளின் உலோக டப்பாக்களைக் கோபுரமாக அடுக்குவார்கள். அடியில் இருப்பது தீய்ந்துவிடும் என்பதால் நடுவில் எழுந்து மேலது கீழாக மாற்றி அடுக்க வேண்டும்; பாடம் நடக்கும்போதே சோறு தீயும் வாசனை வரும். இன்னொரு வழி அரசே சமைத்துப்போடுவது. பின்லாந்தில் 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசச் சூடான மதிய உணவு. காமராஜர் காலத்திலிருந்து பள்ளி மதிய உணவைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு, கனடாபோன்ற பணக்கார நாட்டில் இது இல்லையா என்று வியப்பாக இருக்கும். அங்கே தேசிய அளவில் பள்ளி உணவுத் திட்டம் அறிவிக்கப்பட்டதே 2024-ல்தான், ஐந்து ஆண்டுகளுக்கு நூறு கோடி டாலர். பள்ளி பொறுப்பேற்பதே சிறந்த தீர்வு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது வரும்வரை தினமும் காலை ஏழரை மணி வரத்தான் செய்கிறது. வகுப்பில் ஒரு மைக்ரோவேவ் வைத்தால் ஆகாதா என்றால், முப்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே ஒரு மணி நேரம். ஒன்டாரியோ விதி உறுதிசெய்யும் மதிய இடைவேளை குறைந்தது 40 நிமிடம்.

சுடும் சோற்றைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்கலாமா என்ற கவலை நியாயமானது, இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 64 டிகிரிச் சோறு கெட்டியாக இருந்தால் ஊதினால் போதும். அதே சூட்டில் ரசம் மடியில் கொட்டினால் தோல் கொப்பளிக்கும். பாலர் வகுப்புப் பிள்ளைக்கு ஓடுகிற பதத்தில் எதையும் அடைக்க வேண்டாம், கரண்டியில் நிற்கும் பதமே சரி. கழுத்துவரை தளும்பத் தளும்ப நிரப்பினால் திறக்கும்போது பொங்கி வழியும், மூடி உட்காரும் இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்த வேண்டும். பிறகு மூடி. சூட்டோடு அடைத்த குடுவைக்குள் ஆவி ஆறச் சுருங்கி, மூடியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கே மணிக்கட்டு வலிக்கும். பாதிச் சோறு திரும்பி வருவதன் காரணம் சில வீடுகளில் ஆறிப்போனதல்ல, திறக்கவே முடியாததுதான். வெட்கப்பட்டு டீச்சரிடம் கேட்காத பிள்ளை வீட்டுக்கு வந்து “பசிக்கேல்லை” என்று சொல்லிவிடும். நடுவில் காற்றை விடுவிக்கும் பொத்தான் உள்ள மூடிகள் கிடைக்கின்றன, விலை சற்றுக் கூடுதலானாலும் அதையே வாங்கலாம். மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவாவிட்டால் நேற்றைய மீன்குழம்பு வாசனை இன்றைய பொங்கலில் ஏறும். வகுப்பில் மூக்கைச் சுளிக்கும் பிள்ளைகளுக்கு அது சாக்காகும்.

இத்தனையையும் நம்பிவிடத் தேவையில்லை, ஒரு சனிக்கிழமை போதும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டு, பள்ளி நாளைப்போலவே ஏழரைக்குக் குடுவையைக் கட்டி, வராந்தாக் குளிரில் அரை மணி நேரமும் பிறகு கூடத்திலுமாக வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திறந்து அளந்து பார்க்கலாம். 60-க்குக் கீழே காட்டினால், அடுத்த வாரம் வெந்நீரைக் கூடுதல் நேரம் விட்டு, அளவைக் கூட்டி, சட்டியிலிருந்து மாற்றும் நேரத்தைக் குறைத்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் எட்டவில்லை என்றால் குடுவையின் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுவர் சுடுகிறது என்றால் வெற்றிடம் போய்விட்டது, அதை இனிப் பருப்பு போட்டு வைக்கத்தான் பயன்படுத்தலாம். அந்தச் சனிக்கிழமை மூடியை அம்மாவோ அப்பாவோ திறக்கக் கூடாது. பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும்.